ஓமம், கார்பாலிக், பென்சிலின்: ஒரு வாசனையின் 300 வருஷக் கதை

இது எபிசோட்டின் எழுத்து வடிவம். படிப்பதற்கு வசதியாக, திரும்பத் திரும்ப வரும் இடங்களை நீக்கி, லேசாகத் திருத்தியிருக்கிறோம்.



ஓம வாட்டர் பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த நெடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயிறு உப்புசமா, அஜீரணமா, முதலில் நீட்டப்படுகிற வைத்தியம் அதுதான். இப்போ பாத்ரூம் அலமாரியில் இருக்கிற மவுத்வாஷை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற பட்டியலைப் பாருங்க. எல்லா பிராண்டிலும் இருக்காது, ஆனா சிலதில் 'தைமால்' என்று ஒரு பெயர் இருக்கும். ஓமத்துக்கு அந்த நெடியைக் கொடுப்பதும் இதே தைமால்தான்.

இன்ஸ்டாவில் ரீல்ஸ் பார்க்கிறவர்கள் இந்த வாக்கியத்தையும் கேட்டிருப்பீர்கள்: "எசென்ஷியல் ஆயில்தான் இயற்கையான ஆன்டிபயாட்டிக்." கூடவே ஒரு வீடியோ. கண்ணாடித் தட்டில் பாக்டீரியா வளர்ந்திருக்கு, நடுவில் எண்ணெய் ஊற்றிய ஒரு துண்டுக் காகிதம், அதைச் சுற்றி பாக்டீரியாவே இல்லாத சுத்தமான வட்டம். அந்த வீடியோ பொய் இல்லைங்க. எண்ணெய் பாக்டீரியாவைக் கொல்லத்தான் செய்யுது. அப்படின்னா நிமோனியா வந்தவருக்கு டாக்டர் ஏன் ஓமத் தைலம் எழுதிக் கொடுப்பதில்லை? மருந்து கம்பெனிகளின் சதியா?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில் இருக்கு. ஏன்னா இந்த எண்ணெய்களை யாரும் சோதிக்காமல் ஒதுக்கிவிடவில்லை. உலகத்தின் பெரிய ஆய்வகங்களும் ஆஸ்பத்திரிகளும் தோட்டங்களும் பல பத்தாண்டுகள் இவற்றை வைத்து வேலை செய்திருக்கின்றன. தைமால் என்கிற ஒரே ஒரு பொருளின் பின்னால் போனாலே அந்தக் கதை முழுசாக் கிடைச்சிடும். போகலாம்.

அத்தியாவசியம் இல்லை, சாரம்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். எசென்ஷியல் ஆயில் என்றதும் 'அத்தியாவசியமான எண்ணெய்' என்று நினைத்துக்கொள்கிறோம். இங்கே அந்தச் சொல் எசென்ஸ் என்பதிலிருந்து வருகிறது. சாரம் என்று அர்த்தம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் வகையறாவுக்கும் இதற்கும் வேதியியலில் சம்பந்தமே கிடையாது. நல்லெண்ணெயை ஒரு காகிதத்தில் சொட்டினால் கறை அப்படியே நிற்கும். யூகலிப்டஸ் தைலத்தைச் சொட்டினால் கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் ஆவியாகிப் போயிடும்.

செடியை நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்தால், தண்ணீரின் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதக்கும். அதுதான் சாரம். ஆனால் அது ஒரே பொருள் இல்லை, ஒரு கூட்டம். பல சமயம் நூற்றுக்கும் மேற்பட்ட மூலக்கூறுகள் அதில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர்தான் தலைவர்கள். யூகலிப்டஸில் சினியோல். கிராம்பில் யூஜெனால். எலுமிச்சைப் புல்லில் சிட்ரால். லவங்கப் பட்டையில் சின்னமால்டிஹைடு. ஓமத்தில் தைமால், ஏறக்குறைய 35 முதல் 60 சதவீதம் வரை.

செடி இதையெல்லாம் நமக்காகச் செய்வதில்லை. அதற்கு ஓட முடியாது, கத்த முடியாது. பூஞ்சை வரும், பூச்சி வரும், மாடு மேயும். அதனால் ரசாயனத்தில் சண்டை போடுகிறது. நாம் வாசனை என்று ரசிப்பது பல சமயம் ஒரு செடியின் ஆயுதக் கிடங்கு.

பெர்லினில் ஒரு படிகம்

1719. ஜெர்மனியின் பெர்லின் நகரம். காஸ்பர் நியூமன் என்ற மருந்தாளர் தைம் செடியின் எண்ணெயிலிருந்து வெள்ளைப் படிகங்களைப் பிரித்தெடுத்தார். தைம் என்பது ஐரோப்பாவில் சமையலில் போடுகிற சின்ன இலைச் செடி. படிகம் பார்க்கக் கற்பூரம் மாதிரி இருந்ததால் 'தைம் கற்பூரம்' என்று அழைத்தார்கள். 1853ல் பிரெஞ்சு வேதியியலாளர் லாலமாண்ட் அதன் கூட்டமைப்பைக் கண்டறிந்து தைமால் என்று பெயர் வைத்தார்.

அதே காலகட்டத்தில் இந்தியாவிலிருந்து போன ஓம எண்ணெயையும் ஆராய்ந்தார்கள். அந்த எண்ணெயைச் சும்மா குளிர்ந்த இடத்தில் வைத்தாலே அடியில் படிகம் கட்டும். வட இந்தியக் கடைத்தெருக்களில் இதை ரொம்ப நாளாகவே 'அஜ்வைன் கா பூல்', அதாவது ஓமப் பூ, என்று விற்றுவந்தார்கள். சோதித்துப் பார்த்தால் தைம் செடியில் இருந்த அதே தைமால். இரண்டு கண்டங்கள், இரண்டு குடும்பத்துச் செடிகள், ஒரே மூலக்கூறு. அதிலும் ஓமத்தில் எடுப்பது சுலபம், மகசூலும் அதிகம். இந்த விவரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ஒரு போரில் இது முக்கியமாகப் போகுது.

ஆனாலும் 1870கள் வரைக்கும் இந்த எண்ணெய்களின் வேதியியல் பெரிய காடாகத்தான் இருந்தது. எல்லாம் கார்பனும் ஹைட்ரஜனும், கூடவே கொஞ்சம் ஆக்சிஜன். கொதிநிலைகூடக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பதே கஷ்டம்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில், பென்சீன் வளையத்தைச் சொன்ன புகழ்பெற்ற கெகுலேவின் ஆய்வகத்து அலமாரியில், எண்ணெய்ப் பாட்டில்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. ஓட்டோ வாலக் என்ற இளைய பேராசிரியர், அவற்றை வைத்து வேலை செய்யலாமா என்று கேட்டார். இதிலிருந்து எதையும் பிரித்துப் புரிந்துகொள்ள முடியாது என்பது கெகுலேவின் எண்ணம். ஆனாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். வாலக் வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீன் என்கிற சின்னத் துண்டுகள் சேர்ந்துதான் இந்தக் குடும்பம் உருவாகிறது என்கிற ஒழுங்கு அவர் வேலையிலிருந்துதான் தெரிய ஆரம்பித்தது. 1910ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கேட்பாரற்றுக் கிடந்த அந்தப் பாட்டில்களிலிருந்து ஆரம்பித்த வேலைக்குத்தான்.

கார்பாலிக் நாட்கள்

இப்போ கொஞ்சம் பின்னாடி போய், ஆஸ்பத்திரிக்குள்ள நுழையலாம்.

ஆகஸ்ட் 1865, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையனின் கால் மேல் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. எலும்பு முறிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு காயம். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காயம் என்றால் சீழ் பிடிக்கும், அப்புறம் காலை எடுப்பார்கள், அதுக்கப்புறமும் பல பேர் பிழைக்க மாட்டார்கள். டாக்டர் ஜோசப் லிஸ்டர் அந்தக் காயத்தில் கார்பாலிக் அமிலம் நனைத்த துணியைக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை. பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். நுண்ணுயிர்கள்தான் அழுகலுக்குக் காரணம் என்று லூயி பாஸ்டர் சொன்னதை லிஸ்டர் படித்திருந்தார். 1867ல் தன் முறையைக் கட்டுரைகளாக வெளியிட்டார். அறுவை சிகிச்சை அன்றோடு வேறொன்றாக மாறியது.

கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனால். கிருமியைக் கொல்லும், சரி. டாக்டரின் கையையும் அரித்துவிடும். நோயாளி உடம்பில் அதிகமாக ஏறினால் சிறுநீர் கறுக்கும், சில பேர் இறந்தும் போனார்கள். வேறு ஏதாவது கிடைக்குமா என்று எல்லோரும் தேடினார்கள்.

தைமாலின் வடிவத்தைப் பார்த்தால் அதுவும் ஒரு ஃபீனால்தான், இரண்டு கிளைகள் கூடுதலாக ஒட்டிக்கொண்ட ஃபீனால். வாசனை நல்லா இருக்கு. தண்ணீரில் ரொம்பக் கொஞ்சமாகத்தான் கரைகிறது. அந்தக் கொஞ்சமே போதுமான வேலை செய்கிறது. 1870களில் ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் சிலர் கார்பாலிக்குக்குப் பதிலாகத் தைமாலை முயன்று பார்த்தார்கள். 1879ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜோசப் லாரன்ஸ் என்ற டாக்டர் ஆல்கஹாலில் தைமால், மென்தால், யூகலிப்டால், மெத்தில் சாலிசிலேட் நாலையும் கலந்து ஒரு கிருமிநாசினி செய்தார். டாக்டர் லிஸ்டரைக் கௌரவிக்க அதற்கு வைத்த பெயர் லிஸ்டரின். ஆமா, அதேதான். அது முதலில் அறுவை சிகிச்சைக்கான திரவமாகத்தான் வந்தது, வாய் கொப்பளிக்க இல்லை.

1887ல் பாஸ்டரின் உதவியாளர் ஷார்ல் ஷாம்பர்லாந்து, ஆந்த்ராக்ஸ் கிருமியின் மேல் பல தாவர எண்ணெய்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். ரீல்ஸில் வருகிற அந்த சோதனையின் தாத்தா இதுதான். பாக்டீரியாவின் மேல் எண்ணெயைப் போட்டு யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்பது ஏறக்குறைய 140 வருஷமா நடக்கிற வேலை.

ஓமம் போன பாதை

தைமாலின் பெரிய காலம் பாக்டீரியாவோடு முடியவில்லை. அது புழுவிடம் போனது.

கொக்கிப்புழு. ஈர மண்ணில் இருக்கும், செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆள் வெளிறி, மூச்சு வாங்கி, நடக்கவே தெம்பில்லாமல் போவார். 1880 வாக்கில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோட்ஹார்ட் ரயில் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்களிடம் இந்த நோய் கொள்ளைநோய் மாதிரிப் பரவியது. அந்தக் காலத்தில் இத்தாலிய மருத்துவர்கள் இதற்குத் தைமாலைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் போர்ட்டோ ரிக்கோ. அப்புறம் 1909ல் ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தொடங்கிய இயக்கம். 1914க்குள் ஏறக்குறைய 7 லட்சம் பேருக்கு அங்கே சிகிச்சை நடந்தது. முக்கிய மருந்து தைமால்.

எப்படிக் கொடுத்தார்கள் என்பதில்தான் நம் கதையின் சாவி இருக்கு. முதல் நாள் இரவு பேதி உப்பு. காலையில் தைமால் மாத்திரைகள். மறுபடியும் பேதி உப்பு. கூடவே கண்டிப்பான உத்தரவு: இன்றைக்கு எண்ணெய், வெண்ணெய், சாராயம் எதுவும் தொடக்கூடாது. ஏன்? தைமால் தண்ணீரில் கரையாது, கொழுப்பிலும் ஆல்கஹாலிலும் கரையும். குடலிலேயே நின்றால் புழுவுக்கு விஷம். கொழுப்போடு சேர்ந்து ரத்தத்தில் ஏறினால் மனுஷனுக்கு விஷம். அந்த உத்தரவை மீறி இறந்தவர்களும் உண்டு.

சரி, இவ்வளவு தைமால் எங்கிருந்து வந்தது? ஓமத்திலிருந்து. முதல் உலகப் போருக்கு முன்னால் இந்தியாவின் ஓம விதை பெருமளவில் ஜெர்மனிக்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெய் வடித்து, தைமாலாக்கி, உலகத்துக்கு விற்றார்கள். இந்தியாவுக்கும்தான். 1914ல் போர் வந்தது, பாதை அறுந்தது. தைமால் விலை எகிறியது. விதை வைத்திருந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திடம் மருந்து இல்லை! அதுக்கப்புறம்தான் இங்கேயே வடிக்கிற முயற்சிகள் சூடு பிடித்தன.

அதே போர்க்காலத்தில் ராக்ஃபெல்லர் அமைப்பின் கொக்கிப்புழு இயக்கம் இலங்கைக்கும் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். வெறும் காலோடு ஈர மண்ணில் நாள் முழுக்க நின்றவர்கள். தைமாலோடு இப்போது கீனோபோடியம் என்ற இன்னொரு வாசனை எண்ணெயும் உலகமெங்கும் கொக்கிப்புழுவுக்குப் புழக்கத்தில் வந்திருந்தது. மருந்து புழுவை வெளியேற்றும். ஆனால் லயன் வீடுகளுக்குக் கழிப்பறை வேண்டுமே? அதற்குச் செலவு செய்யத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். அதே மண், அதே வெறும் கால், மறுபடியும் புழு. மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும் ஆள் குணமாகாமல் போக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

எண்ணெய் எப்படிக் கொல்கிறது?

இங்கே ஒரு நிமிஷம் வேதியியல் பேசிடலாம், பயப்படாதீங்க.

பாக்டீரியா என்பது ஒரு சின்னப் பை. அந்தப் பையின் சவ்வு கொழுப்பால் ஆனது. உள்ளே பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. புரோட்டான்களிலும் இதே மாதிரி ஒரு ஏற்றத்தாழ்வு உண்டு. அணையில் தேங்கிய தண்ணீரை வைத்து மின்சாரம் எடுப்பது மாதிரி, அந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் பாக்டீரியா தனக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கிறது.

தைமால் கொழுப்பை விரும்பும் மூலக்கூறு. தண்ணீரில் நிற்பதைவிட சவ்வுக்குள் போய் உட்காரவே அதற்கு இஷ்டம். நிறைய தைமால் உள்ளே உட்கார்ந்ததும் சவ்வு தளர்ந்து ஒழுக ஆரம்பிக்கும். பொட்டாசியம் வெளியேறும், புரோட்டான் உள்ளே கசியும், அணை காலியாகும், பாக்டீரியா சாகும்.

இதில் ஒரு நுணுக்கம். ஓம எண்ணெயில் தைமாலுக்குப் பக்கத்திலேயே சைமீன் என்று ஒரு மூலக்கூறு இருக்கிறது. அதே எலும்புக்கூடுதான், தைமாலில் இருக்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு சின்னக் கொக்கி மட்டும் அதில் கிடையாது. சைமீன் தனியாகப் பாக்டீரியாவைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அந்தச் சின்னக் கொக்கியில்தான் இருக்கு வித்தியாசம். அதனால்தான் "இந்தச் செடியின் எண்ணெய்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தம் குறைவு. தெற்கு பிரான்சில் ஒரே இனத் தைம் செடியில், ஒரு இடத்தில் தைமால் நிறைந்த வகை வளரும், இன்னொரு இடத்தில் தைமாலே பெரிதாக இல்லாமல் லினலூல் நிறைந்த வகை வளரும். பாட்டில் மேல் பெயர் ஒன்றுதான். உள்ளே ஆளே வேற.

மார்க் போடுகிற பரீட்சை

1903ல் ரிடியல், வாக்கர் என்ற இருவர் கிருமிநாசினிகளுக்கு மார்க் போட ஒரு முறை கொண்டுவந்தார்கள். டைஃபாய்டு கிருமியைக் கொல்ல ஃபீனால் எவ்வளவு வேண்டும்? உன் சரக்கு எவ்வளவு வேண்டும்? பத்தில் ஒரு பங்கு போதும் என்றால் உனக்கு 10 மார்க். எளிமையான கணக்கு. விளம்பரக்காரர்களுக்கும் கொண்டாட்டம். 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்டு என்ற வேதியியலாளர் டீ ட்ரீ எண்ணெய்க்கு இந்த வகையில் 11 மடங்கு என்று அறிவித்தார். தைமால் அதையும் தாண்டும். அப்போ ஃபீனாலைத் தூக்கிப் போட்டுவிட்டு எண்ணெய்க்கு மாற வேண்டியதுதானே?

இந்தப் பரீட்சையில் ஒரு ஓட்டை இருந்தது. பாக்டீரியாவைச் சுத்தமான தண்ணீரில் வைத்துத்தான் சோதித்தார்கள். லண்டனின் லிஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்த ஹாரியட் சிக் என்ற விஞ்ஞானி இதைப் பிடித்தார். பெண்கள் ஆய்வகத்துக்குள் வருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. நிஜ உலகத்தில் கிருமி சுத்தமான தண்ணீரிலா இருக்கு? சீழில் இருக்கு, ரத்தத்தில் இருக்கு, மலத்தில் இருக்கு. 1908ல் அவரும் சார்லஸ் மார்ட்டினும் சேர்ந்து, அழுக்கைக் கலந்தே சோதிக்கிற புது முறையை முன்வைத்தார்கள். அழுக்கு கலந்ததும் பல கிருமிநாசினிகளின் மார்க் சரிந்தது.

எண்ணெய்களுக்கு இது பெரிய அடி. காரணத்தை நீங்களே யூகிக்கலாம். தைமால் கொழுப்பை விரும்பும், புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். காயத்திலோ ரத்தத்திலோ அதைப் போட்டால், பாக்டீரியாவைத் தேடிப் போவதற்கு முன்னால் அங்கே கிடக்கிற கொழுப்பும் புரதமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பென்சிலின் வந்த பிறகு

1928ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கவனித்தார். 1930களில் சல்ஃபா மருந்துகள் வந்தன, 1940களில் பென்சிலின் ஆஸ்பத்திரிக்கு வந்தது. எண்ணெய்கள் ஓரமாகப் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அளவைப் பாருங்க. ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் வளர்ச்சியைத் தட்டில் நிறுத்த, ஒரு மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் தைமால் தேவைப்படுகிறது. எதிர்ப்புச் சக்தி பெறாத அதே கிருமிக்கு பென்சிலின் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாகப் போதும்.

அளவைவிட முக்கியமானது குறி. பென்சிலின் தாக்குவது பாக்டீரியாவின் செல் சுவரைக் கட்டும் வேலையை. நம் செல்களுக்கு அந்தச் சுவரே கிடையாது. அதனால் மருந்து நம்மைத் தாண்டிப் போய்க் கிருமியை அடிக்கிறது. தைமால் தாக்குவது கொழுப்புச் சவ்வை. அது நம்மிடமும் இருக்கிறது, ஒவ்வொரு செல்லிலும். பாக்டீரியாவைக் கொல்லும் அளவுக்குத் தைமாலை ரத்தத்தில் ஏற்றினால் நம் செல்களும் சேர்ந்தே அடிவாங்கும். கொக்கிப்புழு நோயாளியிடம் 'வெண்ணெய் சாப்பிடாதே' என்று சொன்னதும் இதே காரணத்துக்குத்தான். ஆன்டிபயாட்டிக் என்ற சொல்லுக்கும் கிருமிநாசினி என்ற சொல்லுக்கும் உள்ள தூரம் இதுதான். டெட்டாலும் கிருமியைக் கொல்லும். யாரும் அதை ஊசியில் ஏற்றுவதில்லை.

நீதிமன்றம் வரை போன வாசனை

லிஸ்டரின் கதை இன்னும் முடியலை. 1914ல் அது மருந்துச் சீட்டு இல்லாமல் விற்பனைக்கு வந்தது. 1920களில் வாய் துர்நாற்றத்தை வைத்து விளம்பர உலகத்தையே அது மாற்றியது. கூடவே இன்னொரு வாக்குறுதியும் உண்டு: சளியையும் தொண்டை வலியையும் தடுக்கும். ஏறக்குறைய ஐம்பது வருஷம் இதைச் சொன்னார்கள்.

1975ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தீர்ப்பு சொன்னது. சளி வைரஸால் வருகிறது. வாயைக் கொப்பளித்தால் மருந்து, தொற்று நடக்கிற இடத்துக்குத் தேவையான அளவில் போய்ச் சேராது. அதனால் விளம்பரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, அடுத்த 1 கோடி டாலர் மதிப்புள்ள விளம்பரங்களில், இது சளியைத் தடுக்காது என்று அவர்களே சொல்ல வேண்டும். கம்பெனி மேல்முறையீடு செய்தது. 1977ல் நீதிமன்றம் ஒரு சின்னத் திருத்தத்தோடு உத்தரவை உறுதி செய்தது.

பத்து வருஷம் கழித்து, 1987ல், அதே லிஸ்டரினுக்கு அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் தன் முத்திரையைக் கொடுத்தது. பல்லில் படியும் படலத்தையும் ஈறு வீக்கத்தையும் குறைக்கிறது என்று சோதனைகள் காட்டியதால். அதே நாலு பொருள், ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஒரு கூற்று பொய்யானது, இன்னொன்று நின்றது. இரண்டையும் தீர்மானித்தது ஒரே கேள்வி: கிருமி இருக்கும் இடத்துக்கு, தேவையான அளவில், தேவையான நேரம் மருந்து போய்ச் சேர்கிறதா?

இன்னைக்கு எங்கே இருக்கு?

தைமால் ரிட்டயர் ஆகிவிடவில்லை. இப்போது பெரும்பாலும் தொழிற்சாலையில் கிரெசாலிலிருந்து செய்கிறார்கள், ஓமம் தேவையில்லை. தேனீ வளர்ப்பவர்கள் தேனீயைப் பிடிக்கும் வரோவா உண்ணிக்கு எதிராகக் கூட்டுக்குள் தைமால் வைக்கிறார்கள். 1956ல் வந்து பல பத்தாண்டுகள் ஆபரேஷன் தியேட்டர்களை ஆண்ட ஹாலோதேன் என்ற மயக்க மருந்து கெடாமல் இருக்க 0.01 சதவீதம் தைமால் சேர்த்தார்கள். மேசை துடைக்கிற கிருமிநாசினிகளிலும் இருக்கு. கவனிச்சீங்களா? எல்லாமே உடம்புக்கு வெளியே, அல்லது மேற்பரப்பில்.

ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதால் எண்ணெய்களின் மேல் ஆராய்ச்சி மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. காயத்தின் மேல் பூசுவதற்கு, பழைய ஆன்டிபயாட்டிக்குக்குத் துணையாக, உணவு கெடாமல் காப்பதற்கு என்று பல வழிகளில். இது நேர்மையான, தேவையான ஆராய்ச்சி. அடுத்த முறை அந்தச் சுத்தமான வட்டம் வீடியோவில் வரும்போது மூணு கேள்வி மட்டும் கேளுங்க. எந்த மூலக்கூறு, எவ்வளவு? சோதனையில் ரத்தமும் புரதமும் இருந்ததா? அந்த அளவை நம் செல் தாங்குமா?

கடைசியா, இதைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. நீலகிரித் தைலம், கற்பூரம், ஓம எண்ணெய் எல்லாம் வீட்டில் இருக்கிற பொருள் என்பதால் பயமே இல்லாமல் போகிறது. சின்னக் குழந்தை சில மில்லிலிட்டர் யூகலிப்டஸ் எண்ணெயைக் குடித்தால்கூட மயக்கமும் வலிப்பும் வரலாம். கற்பூரமும் அப்படித்தான், கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கற்பூர எண்ணெய் விற்பதையே நிறுத்தினார்கள், தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். குழந்தைக்குச் சளி என்று மூக்கில் தைலச் சொட்டு விடுவது, கற்பூரத்தைக் கரைத்துக் கொடுப்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். குழந்தை தவறிப்போய் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாட்டிலைக் கையில் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

ஓம வாட்டர்? அதில் தைமால் ரொம்பக் கொஞ்சம். வயிறு உப்புசத்துக்கு ஒரு மூடி குடிச்சுட்டுப் படுத்துக்கலாம். மூணு நாளா காய்ச்சல் நிற்கலையா, அப்போ டாக்டர்கிட்ட போங்க. அவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பாதியில் நிறுத்தாமல், சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்க.

உங்க வீட்டில் எந்த வாசனை எதற்கு மருந்து? எழுதி அனுப்புங்க. அதில் எது மூலக்கூறு, எது நம்பிக்கை என்று இன்னொரு எபிசோட்டில் பிரிச்சுப் பார்க்கலாம்.